நாலு மூலை மஞ்சள்

எங்கள் கடையில் கறுப்பு மை கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேர் இதை நம்ப மாட்டார்கள். அச்சகம் என்றால் கறுப்பு மை இல்லாமலா என்று கேட்பார்கள். சிவப்பு உண்டு, பச்சை உண்டு, அரக்கு உண்டு. ரோஸ் என்று ஒன்று வாங்கி வைத்து அதை யாருமே கேட்காமல் டப்பாவிலேயே காய்ந்துபோனதும் உண்டு. கறுப்பு மட்டும் இல்லை. கருமாதிப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களை அடுத்த தெரு அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன். அது என் அகம்பாவம் என்று என் கொழுந்தனார் சொல்லுவார். அகம்பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அது எதனால் வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடை என்று பெயர், ஆனால் ஒரே ஓர் அறை. அரூரில் சேலம் பஸ் திரும்புகிற முனையில், உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது. என் வீட்டுக்காரர் அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த இடத்தைப் பிடித்தார். சேலத்தில் ஓர் அச்சகம் கழித்துப் போட்ட கால்மிதி மிஷினை லாரியில் கொண்டுவந்து இறக்கிய அன்று தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. மிஷினோடு வந்த ஈய எழுத்துகள் எல்லாமே சிறியவை. பத்திரிகையின் வாசகத்துக்கு அது போதும். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் பெரிதாகப் போட எழுத்து இல்லை, வாங்க வசதியும் இல்லை. அவர் ஒரு யோசனை செய்தார். பெயர் வர வேண்டிய இடத்தை வெற்றாக விட்டு அச்சடித்துக்கொள்வது, பிறகு அந்த இடத்தில் கையால் எழுதிவிடுவது. யோசனை அவருடையது, கை என்னுடையது. அவருடைய கையெழுத்தில் எழுதினால் மாப்பிள்ளைக்கே தன் பெயர் எதுவென்று தெரியாது.

எனக்குப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே எழுத்து நன்றாக வரும். கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். பட்டை நிப்பைச் சிவப்பு மையில் தொட்டு, ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு பெயர்களை எழுதி, காய வைக்கக் கயிற்றுக் கொடியில் மாட்டுவேன். வெயில் காலத்தில் எழுதி முடிக்கும் முன்னே காயும். ஐப்பசியில் மாட்டிவிட்டு விசிற வேண்டியிருக்கும். வசதி இல்லாமல் செய்த காரியம் சீக்கிரமே பெருமையாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கையால் எழுதிய பத்திரிகை என்று சொல்லிக்கொள்வதற்காகவே தீர்த்தமலைப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரியைப் பிரித்த சமயத்தில், அடியில் எந்த ஜில்லா பெயரைப் போடுவது என்று சம்பந்திகள் கடைக்குள்ளேயே சண்டை போட்டார்கள். பெண் வீட்டார் புது ஜில்லா என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார், சேலம் என்று போட்டால்தான் மரியாதை என்றார்கள். என் வீட்டுக்காரர் ஜில்லாவையே எடுத்துவிட்டுத் தாலுகாவோடு நிறுத்தினார். இரண்டு தரப்பும் அவரை மெச்சிக்கொண்டு போனது.

ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மிஷினிலிருந்து முதல் அட்டை வந்ததும் அதோடு மிஷினை நிறுத்திவிடுவோம். நான் அதில் பெயர்களை எழுதுவேன். வந்திருக்கிற வீட்டார் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்ப்பார்கள். பிழை இல்லையென்றால், அந்த அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்க வேண்டும். அதற்காகவே கல்லாவின் மேல் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருப்போம். அந்த முதல் அட்டை அவர்களுடைய குலதெய்வத்துக்குப் போகும். மஞ்சள் வைத்த பிறகுதான் மிஷின் மறுபடி ஓடும். கழுத்தில் தாலியோடு இருக்கிற கட்டுக்கழுத்திதான் வைக்க வேண்டும் என்பதால், வந்தவர்கள் ஆண்களாக இருந்தால், “கடக்காரம்மா, நீங்களே வெச்சுருங்க” என்பார்கள். நானும் எழுந்து வந்து வைப்பேன். எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்கு என் விரல் மஞ்சள் வைத்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அழுததைப் பற்றி எழுத இஷ்டமில்லை, எல்லாரும் அழுவது போலத்தான் அழுதேன். காரியங்கள் எல்லாம் முடிந்து கடையைத் திறந்தபோது மஞ்சள் கிண்ணத்தின் அடியில் பழைய மஞ்சள் ஏடாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழுவவில்லை. அப்படியே அலமாரியில் எடுத்து வைத்தேன்.

கடை திறந்திருந்தது, ஆள்தான் வரவில்லை. வாசல் வரைக்கும் வருவார்கள். உள்ளே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பிப் போவார்கள். ஒருத்தி மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் தன் புருஷனிடம், “அறுத்தவ கையில கல்யாணப் பத்திரிகையா? வாய்யா போவலாம்” என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நைசாகத் திரும்பிப் போனவர்கள் மேல்தான் இன்றைக்கும் கோபம்.

கொழுந்தனார் ஊரிலிருந்து வந்தார். கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவருக்கு நினைப்பு.

“அண்ணி, ரோசன பண்ணி ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கல்யாணப் பத்திரிகைய வுட்டுருங்க. கருமாதிப் பத்திரிகை மட்டும் அடிங்க. அதுக்கு உங்க கைல வாங்கறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. கல்லாவுக்குக் கீழே கறுப்பு மை டப்பா ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “சரி, வர்ற ஆடி வரைக்கும் பாருங்க. கடை நிமிரலைன்னா மிஷினை வித்துட்டு ஊருக்கு வந்துரணும். வூட்ல உங்களுக்கு ஒரு எடம் எப்பவும் இருக்குது” என்றார். அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறை. கல்யாணம் கார்த்திகை என்றால் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

கடையில் என்னோடு இருந்தது எங்கள் கம்பாசிட்டர் மட்டும்தான். எழுத்துக் கோர்ப்பதும் அவர்தான், மிஷினை மிதிப்பதும் அவர்தான். என் அப்பா வயது இருக்கும். பக்கத்துக் கிராமத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த வேதக்காரக் குடும்பம், மழை பொய்த்துப் பொய்த்து அச்சு வேலைக்கு வந்தவர். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் வேதக்காரங்க என்றுதான் சொல்லுவோம். எழுத்துப் பெட்டிக்கு மேலே சுவரில் அவர் ஒரு மாதா படம் ஒட்டியிருந்தார். என் வீட்டுக்காரர் மாட்டிய பிள்ளையார் படமும் இருந்தது, ஆனால் கதவுக்குப் பின்னால். கடை திறந்தால் பிள்ளையார் மறைந்துவிடுவார், சாத்தினால்தான் தெரிவார். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவும் ஒரு காரணம்.

கம்பாசிட்டர் அவர்களுடைய கோயிலில் சொல்லி வைத்ததில் வேதக்காரர் வீட்டுக் கல்யாணங்கள் கொஞ்சம் வந்தன. அவர்களுக்கு ராகு காலம், எமகண்டம் கிடையாது. மஞ்சள் கேட்பவர்கள் கேட்பார்கள், கேட்காதவர்களும் உண்டு. நான் எழுதுவதில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் தவக்காலம் வந்ததும் அவர்களுக்குக் கல்யாணம் நின்றுவிடும். அதற்குப் பிறகு இருந்தது பங்குனியும் சித்திரையும் வைகாசியும்தான். அது முழுக்க எங்கள் ஆட்களின் முகூர்த்தம். அவர்கள் ஒருவரும் படியேறவில்லை. ஆடி வந்துகொண்டே இருந்தது.

வெள்ளைச் சேலை கட்டச் சொல்லியும் ஊரில் பேச்சு இருந்தது. சிவப்பு மை பட்டால் வெள்ளைச் சேலை பார்க்கச் சகிக்காது என்று சொல்லிக் காப்பிப் பொடி நிறத்தில் ஒன்று, இலைப்பச்சையில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டினேன். நெற்றியில் பொட்டில்லை, தலையில் பூவில்லை. அந்தக் கோலத்தில்தான் கம்பைநல்லூர் அக்கா என்னை முதல்முதலாகப் பார்த்தார்.

பங்குனிக் கடைசி. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குள் வந்துவிட்டார். நல்ல உயரம், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கையில் ஒரு மஞ்சள் பை. குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் கிணறும் தோட்டமுமாக நல்ல விவசாயக் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. மூத்த பெண்ணுக்குக் கல்யாணம்.

“எங்க ஊரு வேதக்காரங்க வூட்ல ஒரு பத்திரிகை பாத்தனுங்க. பேரு ரெண்டும் கையில எழுதுனாப்பல இருந்துச்சு. எழுத்தா அது, நெல்லு மணியாட்டம்! எம்பொண்ணுக்கும் அப்படித்தான் வேணும்னு வந்தனுங்க” என்றார்.

சொல்லிக்கொண்டே என் நெற்றியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாதா படத்தைப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

“நீங்களும் வேதக்காரங்கதானுங்களா? அதான பாத்தேன், என்னடா பொட்டக் காணோமேன்னு. உங்கள்ல வெக்க மாட்டாங்கல்ல?”

நான் வாயைத் திறந்தேன். அவர் கேள்வியும் கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டு மாதிரிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். லட்சுமி படமா, முருகன் படமா என்று அவருக்கே குழப்பம். கம்பாசிட்டர் பின்னாலிருந்து இருமினார். அவருக்கு இருமல் உண்டுதான், ஆனால் அது அந்த இருமல் இல்லை. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாளில் முதல் அட்டை வந்தது. பெயர்களை எழுதிக் கொடுத்தேன். அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்துக் கழுவி, மஞ்சள் குழைத்து அவர் முன்னால் வைத்து, “உங்க கையாலயே வைங்கக்கா” என்றேன். அவர் நாலு மூலையிலும் அழுத்தி அழுத்தி வைத்தார். மிஷின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. மை நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாலி கட்டி முடித்ததும் மழை பெய்ததாம், கோடையில் மழை. கம்பைநல்லூர் அக்கா அதை என் கணக்கில் எழுதிவிட்டார். அரூர் வேதக்காரம்மா கை ராசியான கை என்று போகிற வருகிற இடமெல்லாம் சொன்னார். அவருக்கு இருக்கிற சொந்தபந்தத்தில் பாதிப் பேர் அந்த வைகாசியிலேயே வந்து நின்றார்கள். மீதிப் பேர் ஆவணிக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆடியில் கொழுந்தனார் மிஷினை வாங்க ஆள் பார்த்துக்கொண்டு வந்தார். கொடி முழுக்க அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே டீ குடித்தார்.

என்னை வேதக்காரி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “என்னிக்காவது ஒரு நாள் தெரியத்தான் போவுது அண்ணி. அந்தக் கம்பைநல்லூர் அம்மா வாயாலதான் இத்தன பேரும் வர்றாங்க. அதே வாயி திரும்புச்சுன்னா ஒருத்தனும் இந்தப் படி ஏற மாட்டான். அன்னிக்கு மிஷினத் தூக்கிக் குடுத்துட்டு வந்துருங்க” என்றார். அவர் சொன்னது உண்மைதான். கடை அந்த ஒரு அம்மாளின் நினைப்பின் மேல் நின்றுகொண்டிருந்தது.

கம்பாசிட்டருக்குத்தான் தாளவில்லை. “பொய் இல்லீங்களாம்மா இது?” என்பார். நான் எங்கே சொன்னேன், அவர்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய என்பேன். பொட்டு வைக்கக் கூடாது என்று சொன்னதும் அவர்கள்தான், பொட்டில்லாததைப் பார்த்து ஏமாந்ததும் அவர்கள்தான். இதில் நடுவில் என் பாவம் என்ன இருக்கிறது? அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுத்துக் கோர்ப்பார். ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்து, “பாவசங்கீர்த்தனத்துல உங்களுதையும் சேத்தே சொல்லிட்டு வந்துட்டேன்” என்றார். சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன். “அவங்கவுங்களுத அவங்கவுங்கதான் சொல்லணும்னுட்டாரு” என்றார். பல நாள் இதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன். மஞ்சளை நான் தொடவில்லை. யார் கேட்டாலும் உங்கள் கையால் வையுங்கள் என்று கிண்ணத்தை நகர்த்திவிடுவேன். எழுதுவது என் தொழில், அதைச் செய்ய எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மஞ்சள் அவர்களுடைய நம்பிக்கை. தெரியாமல் நம்புகிறவர்கள் அட்டையில் நான் விரல் வைக்க மாட்டேன். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட எல்லை. இப்படியே சில வருஷங்கள் ஓடின.

எழுபதுகள் பிறந்துவிட்டன. ஒரு தை மாதம், பொங்கல் கழிந்து, கம்பைநல்லூர் அக்கா மறுபடி கடைக்கு வந்தார். முதலில் எனக்கு ஆள் தெரியவில்லை. குரலே எழும்பவில்லை. வெள்ளைச் சேலை. காலணா அகலக் குங்குமம் இருந்த இடத்தில் நெற்றி வெறுமையாக இருந்தது. முந்தின புரட்டாசியில் கிணற்றடியில் மாரடைப்பு வந்து வீட்டுக்காரர் போய்விட்டாராம். நான் கருமாதிப் பத்திரிகை அடிப்பதில்லை, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று பையனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

எழுதிக்கொண்டு வந்த வாசகத்தைக் கொடுத்தார். படித்தேன். அப்பா பெயருக்கு முன்னால் அமரர் என்று இருந்தது. அழைக்கிறவர்கள் பெயராக அக்காவுடைய கொழுந்தனும் கொழுந்தன் மனைவியும் இருந்தார்கள். மாமன்மார் இருந்தார்கள், அத்தைமார் இருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன்.

“அக்கா, உங்க பேரு இல்லையே?”

“எம்பேரு எதுக்குங்க இனிமே? போடக் கூடாதாம். பந்தலுக்குள்ளயும் முன்னாடி வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தை நிப்பின் மேல் காட்டினால் நிப்பு உடைந்துவிடும். பேசாமல் வாசகத்தைக் கம்பாசிட்டரிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் முதல் அட்டை எடுக்கும் நாள் அக்கா தனியாகவே வந்தார். கொழுந்தன் மனைவி வந்து மஞ்சள் வைக்க வேண்டியது, அவள் வரவில்லை. மிஷினிலிருந்து அட்டை வந்தது. பெயர்களை எழுதினேன். அக்கா அதைக் கையில் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து நின்றபடி படித்தார். பெற்ற பிள்ளையின் பத்திரிகையை எட்ட நின்று படித்த அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன்.

நான் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். வழக்கம்போல உங்க கையால வையுங்க என்று சொல்ல முடியவில்லை.

“நீங்களே வெச்சுருங்கம்மா” என்றார் அக்கா. “நான் தொடக் கூடாது. நான் தொட்டா எம்பையனுக்கு ஆவாது. உங்கள்ல இந்தச் சங்கடமெல்லாம் கெடையாது, உங்க கையும் ராசியான கை. எம்பொண்ணு கல்யாணத்துக்கு எழுதுன கை. நாலு மூலையிலயும் நீங்களே வெச்சுக் குடுத்துருங்க.”

கம்பாசிட்டர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். இருமவில்லை. நான் கிண்ணத்தைப் பார்த்தேன். விரலை விட்டு நாலு மூலையிலும் வைத்துவிட்டால் ஒன்றும் தெரியப்போவதில்லை. அவர் சந்தோஷமாகப் போவார், பங்குனிக்கு இன்னும் பத்துப் பேரை அனுப்புவார். சொன்னால் கடை இன்றோடு முடிந்தது. கொட்டகைக்குப் பக்கத்து அறை கண் முன்னால் வந்தது. ஆனால் அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத்தான் தெரியும். தன் கை ஆகாது என்று நினைத்து, அதே போல ஆகாத இன்னொரு கையிடம் வந்து நிற்கிறார்.

“அக்கா, உக்காருங்க” என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நான் வேதக்காரி இல்லீங்கக்கா. நானும் உங்கள மாதிரிதான். கதவுக்குப் பின்னாடி பாருங்க, எங்க வூட்டுக்காரர் மாட்டின பிள்ளையாரு இருக்காரு. இந்தக் கடை அவரு வெச்சது. அவரு போனதனாலதான் எனக்குப் பொட்டு இல்ல.”

அக்கா எழுந்துபோய்க் கதவை இழுத்துப் பார்த்தார். பிள்ளையார் இருந்தார். கதவைப் பிடித்தபடியே திரும்பாமல் கேட்டார்.

“எம்பொண்ணுக்கு எழுதுனப்ப?”

“அப்பவும் இப்படித்தான்.”

“அவரு இல்ல?”

“இல்ல.”

“ஏன் அன்னிக்கே சொல்லல?” குரல் பழையபடி எழும்பிவிட்டது. சைக்கிள் கடையில் தட்டிக்கொண்டிருந்த சத்தம்கூட நின்றது.

“சொல்லியிருந்தா எழுதக் குடுத்திருப்பீங்களா?”

“எங்க குடுத்திருப்பேன்? படியில கால் வெச்சிருக்க மாட்டேன்!”

“அதனாலதான் சொல்லல” என்றேன். எனக்கும் குரல் ஏறிவிட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அவர் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. வெளியே திருவண்ணாமலை பஸ் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அது கிளம்பிப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கல்லாவின் மேலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் மெதுவாகப் பேசினார்.

“எம்பொண்ணு நல்லாத்தான் இருக்கறா. ரெண்டு புள்ளைங்க. மாமியாகாரிகிட்ட சரிக்குச் சரி நிக்கறா. மருமவன் அவ சொன்னத மீற மாட்டாரு. அவ பத்திரிகையில ஒவ்வொண்ணுலயும் நீங்கதான பேரு எழுதுனீங்க?”

“நான்தான்.”

“எங்கயோ இருக்கறவங்க நீங்க. நீங்க தொட்டு அவளுக்கு ஒண்ணும் ஆவல.” அங்கேதான் அவருக்குக் குரல் உடைந்தது. “நான் பெத்தவ. நான் தொட்டா மட்டும் எம்பையனுக்கு ஏதாச்சும் ஆயிருமா?”

அவர் அழுதார். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் போனபோது அழுததைவிட அன்றைக்கு அழுததில்தான் எனக்கு மனசு ஆறியது. கம்பாசிட்டர் மிஷினுக்கு எண்ணெய் விடுவது போலக் குனிந்துகொண்டார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“ரெண்டு மூலை நான் வெக்கறேன். ரெண்டு மூலை நீங்க வைங்க” என்றார்.

முதலில் அவர் வைத்தார். மஞ்சள் ஒரு மூலையில் கொஞ்சம் இழுபட்டுவிட்டது. பிறகு நான் வைத்தேன். அத்தனை வருஷம் கழித்துக் குழைத்த மஞ்சளில் விரல் பட்டபோது ஜில்லென்று இருந்தது. அக்கா அட்டையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கம்பாசிட்டரைப் பார்த்து மிஷினை ஓட்டச் சொல்லித் தலையசைத்தேன்.

“இருங்க இருங்க” என்றார் அக்கா. “எம்பேரு எங்க? எம்பேரையும் போடுங்க. மொத வரியிலயே போடுங்க. எவன் வந்து என்ன கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்.”

கம்பாசிட்டர் மறு பேச்சுப் பேசாமல் மிஷினில் பூட்டியிருந்த எழுத்துக் கட்டைத் தளர்த்தி, கொழுந்தன் பெயரை ஒரு வரி கீழே இறக்கி, மேலே அவர் பெயரைக் கோர்த்தார். இவ்வளவு வேகமாக அவர் எழுத்துக் கோர்த்து நான் பார்த்ததில்லை. அப்படியானால் முன்னால் மஞ்சள் வைத்த அட்டை செல்லாது. மிஷினிலிருந்து புதிதாக ஒன்று வந்தது, மறுபடியும் பெயர்களை எழுதினேன், மறுபடியும் கிண்ணத்தை நடுவில் வைத்தோம். அவர் இரண்டு மூலை, நான் இரண்டு மூலை. இரண்டாவது தடவை எந்த மூலையிலும் மஞ்சள் இழுபடவில்லை.